டாங் டெஸ்டரின் வாய்

எலக்ட்ரீஷியன் முகம்மது ரபீக் டாங் டெஸ்டரைக் கையில் எடுத்தால், முதல் வேலையாக அதன் வாயைச் சட்டை நுனியால் துடைப்பார். ஒயரை அறுக்காமல், வெளியிலிருந்தே கவ்விக் கரண்டை அளக்கும் கருவி அது. "பிள்ளைக்குப் பல்லு வெளக்கி விடுதாரு" என்று தென்காசியில் கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பண்ணுவார்கள். அவர் சிரிப்பதில்லை.

அந்தப் பழக்கம் போன சீசனில்தான் வந்தது. குற்றாலத்தில் ஒரு விடுதி. பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று புகார். மேலாளர் சுந்தரபாண்டிக்கு அவசரம்.

"சாரல் விழுந்தா, கசிவு பாத்து கரண்டை நிறுத்துத டிரிப்பர் சும்மா சும்மா விழுதுடே. அதைத் தூக்கிட்டு லைனை நேரா குடுத்துட்டேன். ரூமெல்லாம் ஆளு. சட்டுனு பாத்துச் சொல்லு."

ரபீக் பாத்ரூம் ஹீட்டரைப் போட்டு, வெளியே போர்டில் அதற்குப் போகும் இரண்டு ஒயர்களையும் சேர்த்துக் கவ்வினார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருந்தால், இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வழியில் கசிந்தால் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். அது கவ்வியின் இரும்பு வளையத்தில் ஓடி, வளையத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் துளிக் கரண்டை எழுப்பும். அந்தத் துளிதான் திரையில் எண்ணாகத் தெரியும்.

எண் சைபரை ஒட்டி நின்றது.

"பயமில்லை அண்ணாச்சி."

திருவேங்கடத்திலிருந்து வந்து அந்த அறையில் தங்கியிருந்த ஸ்ரீமதி, தலை நிறைய எண்ணெயோடு அதற்காகத்தான் காத்திருந்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

கருவியைப் பைக்குள் வைக்கப்போன ரபீக்கின் விரலில் பிசுக்கு ஒட்டியது. வந்ததும் கருவியை விடுதியின் எண்ணெய்க் குளியல் அறை மேசைமேல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. கவ்வியின் வாயில், எண்ணெயில் ஊறிய பஞ்சு. வாய் மூடவே இல்லை! வளையம் முழுசாக மூடாவிட்டால் காந்தம் சரியாக ஓடாது. சுருளுக்குப் பெரும்பகுதி எட்டாது.

துடைத்தார். மறுபடி கவ்வினார். டக்கென்று மூடியது. முப்பத்தெட்டு மில்லி ஆம்பியர். அதில் பாதி உடம்பில் பாய்ந்தாலே, பிடித்த கை குழாயை விடாது.

உள்ளே வாளி நகரும் சத்தம்.

"யக்கா! குழாயைத் தொடாதீங்க!"

ரபீக் ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டார். விடுதி முழுக்க இருண்டது.

"ஏலே, சீசன் நேரத்துல என்னலே பண்ணுத?" சுந்தரபாண்டி கத்திக்கொண்டே வந்தார்.

ரபீக்குக்கு அது காதில் ஏறவில்லை. கதவில் காதை வைத்தார். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஏங்க," என்றது குரல், எரிச்சலோடு. "தலையெல்லாம் எண்ணெய். கரண்டு எப்ப வரும்?"

ரபீக் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வராதுக்கா. அடுப்புல வெந்நி போட்டுத் தாறோம்."