பௌர்ணமிக் கூட்டத்தில் பாலன்

நானே கண்டதையும், கண்டவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் தவிர வேறெதையும் இங்கே சேர்ப்பதாக இல்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, அடி அண்ணாமலையில் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் மிகவும் வளர்ந்துவிட்டது. ஒருவர் சொல்வதில் குழந்தை கண்திறந்து பார்க்கிறது. இன்னொருவர் சொல்வதில் அழவும் செய்கிறது. அன்று பாதி வழி அரைத்தூக்கத்தில் நடந்த என் தம்பி, இப்போது எல்லாரையும்விட விரிவாகச் சொல்கிறான். ஆகவே அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியே கேட்டு, இருவர் சொல்லும் ஒத்துவந்தவற்றை என் நினைவோடு பொருத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன். கிறிஸ்து பிறப்பும் பௌர்ணமியும் அவ்வாண்டு ஒரே நாளில் வந்தன என்பதைப் பஞ்சாங்கத்திலும் சரிபார்த்தேன். குழந்தை அழவில்லை. அது சுண்ணச்சாந்தில் வார்த்த சொரூபம்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அப்பா மின்வாரியத்தில் கம்பியாளர். அம்மா வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்திருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் தெருவாரின் பொங்கல் இரவிக்கைகளெல்லாம் எங்கள் கூடத்தில்தான் குவியும். செபமாலை சொல்வதற்கென்று அம்மா தனியாக நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. எந்திரத்தை மிதிக்கும்போதே உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். நூல் அறுந்தால் மட்டும் செபமும் நிற்கும். விடியலில் மற்றப் பெண்களோடு அவரும் வாசலில் பெரிய கோலம் இடுவார். நடுவில் மட்டும் வால்வைத்த ஒரு விண்மீன் இருக்கும். அதைப் பார்த்து எதிர்வீட்டு அக்காள் தம் கோலத்திலும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கேட்டால், அழகாக இருந்தது என்றார். வீட்டுக்குள் குடில் அமைப்பது தம்பியின் பொறுப்பு. பெத்லகேமின் பின்னணிக்கு ஒரு மலை வேண்டுமென்று அம்மா சொன்னதும், அவன் பழுப்புத் தாளைக் கசக்கி, தான் அறிந்த ஒரே மலையைச் செய்து நிறுத்தினான். உச்சியில் தீபம் ஏற்றக் கொப்பரையும் வைத்திருந்தான். அம்மா கொப்பரையை மட்டும் எடுத்துவிட்டார்.

எங்கள் தேவாலயம் நகரின் வடக்கு ஓரத்தில் இருந்த சிறியது. பங்குத்தந்தைக்கு வேறொரு கிராமமும் பொறுப்பில் இருந்தமையால், நள்ளிரவுத் திருப்பலி அங்கேயும் காலைத் திருப்பலி எங்களுக்கும் என்பது ஏற்பாடு. டிசம்பர் தொடங்கியதும் பாலன் இயேசுவின் சொரூபம் வீடுவீடாகச் செல்லும். எந்த வீட்டில் கடைசியாகத் தங்குகிறதோ, அந்த வீட்டுத் தாய் அதைப் பெருவிழாக் காலையில் தேவாலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘உன்னதங்களிலே’ என்று வானவர் கீதம் தொடங்கும்போது அவர் கையிலிருந்து வாங்கித்தான் குடிலில் கிடத்துவார்கள். அதுவரை குடில் காலியாக இருக்கும்.

அந்தக் கடைசி முறையை அம்மா பல ஆண்டுகளாக விரும்பியிருந்தார். தொலைவைக் காரணம் காட்டி எங்களுக்கு எப்போதும் நடுவில் ஒரு நாளைத்தான் ஒதுக்குவார்கள். அவ்வாண்டு அம்மா வெட்கத்தை விட்டுத் தாமே பங்குத்தந்தையிடம் கேட்டுப் பெற்றார். சொரூபம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களை அதன் அருகே விடவில்லை. முன்பு ஒரு வீட்டில் சொரூபத்தின் விரல் ஒன்று உடைந்துபோய், ஒட்டவைத்த பிறகும் அந்தக் குடும்பத்துக்கு ‘விரல் ஒடச்ச வீடு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு அப்படியொரு பெயர் வரக்கூடாது. பாலன் உரிய நேரத்தில், முழு விரல்களோடு குடில் சேரவேண்டும். அம்மாவின் கவலை முழுவதும் இவ்வளவே.

பௌர்ணமி அன்றைக்குத்தான் என்பது அடி அண்ணாமலையில் இருப்பவர்க்குத் தெரியாமலிராது. முந்தைய மாலையே மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் கூட்டம் தொடங்கிவிட்டது. பாதை விளக்குகளைக் கவனிக்கும் பணிக்குக் கிளம்பிய அப்பா, ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லிவைத்திருப்பதாகவும், அவர் விடியலில் வயல்பக்க வழியாக வந்து அழைத்துச் செல்வார் என்றும் உறுதி கூறிப் போனார். காலையில் புத்தாடையோடு வாசலில் நின்றோம். ஆட்டோ வரவில்லை. அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள் என்று, வாசலில் நீர்மோர்க் கடை விரித்திருந்த எதிர்வீட்டு அக்காள் செய்தி சொன்னார்.

“விடுமுறை வேற சேந்துக்கிச்சா, கூட்டம் ஜாஸ்தி. ஒரு வண்டியும் உள்ள வராது. பேசாம கூட்டத்தோட நடந்துடு” என்றார்.

அம்மா உள்ளே போய், வெள்ளைத் துண்டில் சொரூபத்தைச் சுற்றி, முந்தானையால் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து நகருக்கு மலையின் எந்தப் பக்கமாகப் போனாலும் ஏறத்தாழ ஒரே தொலைவு. ஆனால் அன்று எல்லாரும் போகும் திசைக்கு எதிரே ஓர் அடியும் வைக்க முடியாது. மலையை வலப்புறம் வைத்து, குபேர லிங்கம் இருக்கும் வடபக்கமாக நாங்களும் நடந்தோம்.

அத்தனை பேரும் வெறுங்காலோடு நடக்க, நாங்கள் மூவர் மட்டும் புதுச் செருப்போடு நடந்தது தம்பிக்குக் கூச்சமாயிருந்தது. போதாக்குறைக்குச் செருப்பு அவனைக் கடித்தது. அவன் கழற்றினான், நானும் கழற்றினேன். சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு அம்மாவும் கழற்றி என் பையில் போட்டார்.

பனிக்காலைக் கூட்டத்தில், போர்த்திய குழந்தையோடு விரைந்து நடக்கும் தாய்க்கு இயல்பாகவே வழி விட்டார்கள். “கொழந்தக்காரம்மா வராங்க, ஒதுங்குங்க” என்ற குரல் எங்களுக்கு முன்னால் ஓடியது. அம்மா யாரையும் ஏமாற்றவில்லை. அதே சமயம் யாரையும் திருத்தவுமில்லை. பொய் சொல்லக்கூடாது என்பதில் கண்டிப்பானவர் ஆதலால், கேட்டவர்க்கெல்லாம் உண்மையையே சொன்னார். பொங்கல் பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கரண்டியோடு வந்து வழிமறித்தார்.

“இன்னாம்மா, பச்சக் கொழந்தயத் தூக்கினு இந்தப் பனியில வந்துகீறே? அழுவுல?”

“அழமாட்டாங்க.”

“எத்தினி மாசம்?”

“இன்னிக்குத்தாங்க பொறந்தாரு.”

அந்த அம்மாளின் கரண்டி நின்றுவிட்டது. “இன்னிக்கா! அடிப்பாவி, பொறந்த கையோட நடக்கறியே! உம் புருஷன் எங்க?”

“கம்பத்துமேல இருப்பாருங்க” என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தார். அதுவும் உண்மைதான். குபேர லிங்கத்தைத் தாண்டியதும் ஓர் ஏணியின் உச்சியில் அப்பா தெரிந்தார். எங்களைக் கண்டதும் பதறி, “ஆட்டோ வரல?” என்று மேலிருந்தே கத்தினார். “வந்தா இப்படியா வருவோம்?” என்று அம்மா கீழிருந்து கத்தினார். அப்பா ஒரு கணம் யோசித்து, இடுக்கி பிடித்த கையை அசைத்து, “ஹேப்பி கிறிஸ்மஸ்!” என்றார். திருநீறு பூசிய ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்து, அவருக்கு அதே வாழ்த்தைத் திருப்பிச் சொல்லிச் சென்றது.

அதற்குப் பிறகுதான் ஓர் இளம்பெண் எங்களோடு ஒட்டி நடக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். சற்றுப் பின்னால் அவர் கணவர் வந்தார். அந்தப் பெண் மலையையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை. அம்மாவின் முந்தானையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரு நிமிஷம் நான் வெச்சிக்கட்டுமா? நாங்க செய்யாறு பக்கம். இதுக்காவத்தான் பௌர்ணமி தவறாம நடக்கறோம்.”

அம்மா நின்றார். இந்த முறை உண்மையைப் பாதியில் நிறுத்தவில்லை. அவரை ஒரு புளியமரத்தின் அடிக்கு அழைத்துப்போய், துண்டை விலக்கிக் காட்டினார்.

“இது எங்க சாமிம்மா. பாலன் இயேசு. இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாளு. கோயிலுக்கு எடுத்துனு போறேன். முன்னியே சொல்லியிருக்கணும்.”

அந்தப் பெண் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது கோபப்படுவார் என்று. அவர் சொரூபத்தின் முகத்தையே பார்த்தார். கணவர்தான் கூசிப்போய், “வாம்மா போலாம். அவங்க சாமிய நாம எப்படித் தொடறது” என்றார்.

“சாமியா இருந்தா இன்னா? கொழந்தையாத்தான கீறாரு” என்றார் அந்தப் பெண்.

அம்மா நகரிருந்த திசையைப் பார்த்தார். திருப்பலி நேரம் நெருங்கிவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. நான் அவர் புடைவையைப் பிடித்து இழுத்தேன். எங்களைத் தொடவிடாத அந்தச் சொரூபத்தை அம்மா இரு கைகளாலும் நீட்டினார்.

“தலைக்கு அடியில கைய குடு. ஆங், அப்படித்தான். வெரலு மட்டும் பாத்துக்கோ.”

பிறந்த குழந்தையை முதல்முறை வாங்குகிறவர்க்குச் சொல்வது போலவே சொன்னார். அந்தப் பெண் வாங்கினார். வாங்கியதும் அவர் உடம்பு தானாகவே மெல்ல ஆடத் தொடங்கியது. தம்பி வாயைத் திறந்தான். அம்மா ஒரு பார்வையில் மூடவைத்தார். அந்தப் பெண் குனிந்து, சொரூபத்தின் காதருகே வாய்வைத்து ஏதோ சொன்னார். சிறிது நேரம் சொன்னார். பிறகு இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றை அந்த நெற்றியில் வைத்து, வாயால் ஊதி, கண்ணில் விழாமல் கையால் மறைத்தார். கணவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

பொம்மை என்று தெரிந்த பிறகும் வளர்ந்த ஒருவர் அதை ஏன் தாலாட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மா ஏன் பொறுமையாக நிற்கிறார் என்பது அதைவிட விளங்கவில்லை.

சொரூபத்தைத் திரும்ப வாங்கிப் போர்த்திக்கொண்டு, அம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தை ஒருமுறை தொட்டார். அதன்பின் நாங்கள் ஏறக்குறைய ஓடினோம்.

தேவாலயத்தில் பாடகர் குழு தனக்குத் தெரிந்த பாடல்களையெல்லாம் பாடி முடித்து, முதற்பாடலுக்கே திரும்பியிருந்தது. பங்குத்தந்தை வரவில்லை! அவர் வண்டியையும் நகரெல்லையிலேயே நிறுத்திவிட்டார்களாம். எங்களுக்குப் பின்னால், அங்கியை மடக்கித் தோளில் போட்டபடி, புழுதிக்காலோடு அவர் வந்து சேர்ந்தபோது, அம்மா நீண்ட மூச்சு ஒன்றை விட்டதைக் கேட்டேன்.

வானவர் கீதம் தொடங்கியது, மணிகள் ஒலித்தன. அம்மா வெறுங்காலோடு நடுவழியே நடந்துபோய்த் துண்டை விலக்கினார். பாலனின் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. முன்வரிசையிலிருந்த நான் பார்த்தேன், பங்குத்தந்தையும் பார்த்தார். பாட்டு ஓர் அடி முடியும் வரை அவர் கை நீளவில்லை. பிறகு வாங்கி, குனிந்து முத்தமிட்டு, வைக்கோலின்மேல் கிடத்தினார். அவர் எழுந்தபோது அவருடைய மீசையோரத்தில் சிறிது வெண்மை இருந்தது. திருப்பலி முடிந்து எல்லாரும் வரிசையாகப் போய்ப் பாலனின் பாதங்களை முத்தமிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் அனைத்தும் முழுமையாக இருந்தன.

வீடு திரும்பவும் அதே சிக்கல். வந்த வழியே போனால் கூட்டம் முழுவதும் எதிரே வரும். ஆகவே இராசகோபுரத்தைக் கடந்து, செங்கம் சாலை வழியாக, கூட்டத்தோடு கூட்டமாக மலையின் மறுபக்கத்தையும் நடந்தோம். நடுவில் தம்பி கேட்டான்:

“அம்மா, சாமிக்குத் துண்ணூறு வெச்சாங்களே, அவங்க யாரு?”

“அத்தை.”

“எந்த அத்தை?”

“அவருக்கு அத்தை.”

தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டு வாசலில் எதிர்வீட்டு அக்காள் மோர்ச்சொம்போடு காத்திருந்தார். “ஒரு சுத்து முழுசா சுத்திட்டு வந்துட்டியேடி! நான் இங்கியே பொறந்து வளந்தவ, கடய வுட்டு ஒரு பௌர்ணமிக்குப் போனதில்ல” என்றார். அம்மா மோரைக் குடித்துவிட்டு, “உனக்கும் சேத்துத்தான் நடந்தேன்னு வெச்சிக்கோ” என்றார். மாலையில் அப்பா வந்ததும் பிரியாணி உண்டோம். அக்காள் வீட்டுக்கு அதிரசமும் கேக்கும் தட்டில் போயின. அன்று அம்மாவின் முகத்தில் இருந்த நிறைவை வேறெந்தப் பெருவிழாவிலும் நான் கண்டதில்லை என்றால், அது மிகையில்லை.

வளர்ந்த பிறகு, அந்தப் பெண் பாலனின் காதில் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். என்னைவிட அருகில் நின்றவர்க்குக் கேட்காமலிருந்திருக்க முடியாது.

“அவ எங்கிட்ட சொல்லலியே. அவருகிட்ட இல்ல சொன்னா” என்றார் அம்மா.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் குடும்பச் செபத்தின் முடிவில், எங்கள் பெயர்களுக்குப் பிறகு, ‘செய்யாத்துக்காரப் பொண்ணு’ என்று அம்மா ஒருவரைச் சேர்த்துச் சொல்கிறார். நாங்களும் ஆமென் சொல்கிறோம். அந்தப் பெண்ணின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அதன்பின் எந்தப் பௌர்ணமியிலும் அவரை நாங்கள் பார்க்கவில்லை. நடக்க வேண்டிய தேவை தீர்ந்து வராமலிருந்தாரா, நடந்து சலித்து நின்றுவிட்டாரா என்பது தெரியாது. அவருக்குக் குழந்தை பிறந்ததா என்பதும் தெரியாது.