கப்பலில் பட்டு வந்த படம்

என் பெண்டாட்டி காத்திவாக்கத்துக்காரி. கடலிலிருந்து மீன் வரும், இறால் வரும், சில வருஷம் எண்ணெய்கூட வரும் என்று பார்த்து வளர்ந்தவள். கடலிலிருந்து விண்வெளிப் படம் வந்தது என்று நான் சொன்ன அன்றைக்கு என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

நான் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வயதுக்காரர்களை நடுவயதில் சர்க்கரை வந்து பிடித்துக்கொண்டது. என்னை ரேடியோ பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே சுற்றுகிற விண்வெளி நிலையத்திலிருந்து சில நாட்களில் படங்களைச் சத்தமாக மாற்றி அனுப்புவார்கள். கையடக்க ரேடியோவும் ஒரு ஆன்டெனாவும் இருந்தால் அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பிடித்து மொபைலில் மறுபடி படமாக்கிவிடலாம். ஆன்டெனாவை நானே செய்தேன். பிளாஸ்டிக் குழாய், குறுக்கே வெட்டிக் கட்டிய இரும்பு அளவு டேப். பார்க்கப் பெரிய மீன் முள்ளு மாதிரி இருக்கும். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் பாய், "இன்னா நைனா, கேபிள் திருடுறியா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. தனக்கும் ஒரு கனெக்‌ஷன் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

வீடு திருவொற்றியூரில். மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே கடல். மேற்கே முன்பு வானம் இருந்தது; இப்போது அங்கே 'கடல் காட்சி' என்று விளம்பரம் செய்து ஓர் அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய காட்சியில் கடலுக்கு முன்னால் என் லுங்கி காய்கிறது. பதிலுக்கு அவர்கள் என் வானத்தை எடுத்துக்கொண்டார்கள். விண்வெளி நிலையம் தென்மேற்கில் எழும்பி அந்தக் கட்டடத்தைத் தாண்டும்வரை எனக்கு வெறும் இரைச்சல்தான். அதனால் என்னிடம் இருந்த விண்வெளி வீரர்கள் எல்லோரும் தலையில்லாதவர்கள். படம் மேலிருந்து வரிவரியாகத்தான் வரும் என்பதால் மேல்பாதி புள்ளி புள்ளியாக இருக்கும்; கழுத்துக்குக் கீழேதான் படம் தெளியும்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போலக் கட்டடத்தைக் குறிபார்த்து நின்றேன். துணி எடுக்க அவள் மேலே வந்தாள்.

"யோவ், அந்த முள்ள கொஞ்சம் அந்தாண்ட திருப்பு. கண்ண குத்திடப் போவுது."

கடல் பக்கம் திருப்பினேன். ரேடியோ கீச்சிட ஆரம்பித்தது. கட்டடத்தின் பக்கம் திருப்பினால் இரைச்சல்; கடல் பக்கம் திருப்பினால் பாட்டு. தூரத்தில் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அதற்கு நேராகப் பிடித்தால் சத்தம் கணீரென்று வந்தது, கொஞ்சம் விலகினால் செத்தது. கட்டடம் என்னைத்தானே மறைக்கிறது, கப்பலை மறைக்கவில்லையே. மேலிருந்து வந்த சிக்னல் அந்த இரும்புச் சுவரில் பட்டு என் மாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று முதல்முறையாக ஒரு வீரர் தலையோடு வந்தார்.

"கப்பல்காரனா அனுப்புறான்?" என்று கேட்டாள், என் நெற்றியில் வைத்துப் பார்த்த கையை எடுத்துவிட்டு.

"இல்ல. மேலேர்ந்து வந்து கப்பல்ல பட்டு வருது."

"அப்ப அவன் இன்னா பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கிறான்."

"உனுக்குன்னு தோஸ்து கெடச்சான் பாரு" என்று துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அடுத்த சில நாட்களும் அப்படியே வந்தது. எங்கள் வானொலி வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டு விவரம் எழுதினேன். அறிஞர்கள் நிறைந்த குழு. ஆன்டெனாவைத் தலைகீழாகப் பிடித்திருப்பேன் என்றார் ஒருவர். எங்கள் ஊர்க் கெமிக்கல் காற்றில் ரேடியோவே மயங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். அதற்கு நிறையப் பேர் சிரித்த முகம் போட்டார்கள். குழுவின் மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற இன்ஜினியர், அடையாறில் சொந்த வீடு, மாடியில் தானே சுழலும் ஆன்டெனா. பாரிமுனைக்கு வடக்கே ஊர் இருப்பதைக் கேள்விப்பட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சோதிப்பதாக எழுதினார்.

சொன்னபடி வந்தார். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"இது என்ன வாசனை?" என்றார்.

"எது சார்?" என்றேன். கிண்டல் இல்லை, எங்கள் பக்கம் எந்த வாசனை என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

மாடிக்கு அழைத்துப் போனேன். கடல் காலியாக இருந்தது. வாரம் முழுக்க அசையாமல் கிடந்த கப்பல், அன்று காலை பார்த்து இடம் கிடைத்து உள்ளே போய்விட்டது. அவர் கடையில் வாங்கிய தன் கம்பெனி ஆன்டெனாவைக் கடலை நோக்கிப் பிடித்தார். இரைச்சல். நான் என் முள்ளைப் பிடித்தேன். அதே இரைச்சல், கொஞ்சம் மலிவாக. நிலையம் கட்டடத்தைத் தாண்டியபின் சத்தம் வந்தது. வழக்கமான தலையில்லாத வீரரும் வந்தார்.

"இதெல்லாம் சகஜம் சார். ரொம்ப ஆசைப்பட்டா காது ஏமாத்தும்" என்று என் தோளைத் தட்டினார். என் பெண்டாட்டி கொண்டுவந்த காபியை, "டாக்டர் வேண்டாம்னிருக்கார்" என்று சொல்லித் திருப்பிவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவள் அந்தக் காபியைத் தானே குடித்துவிட்டு டம்ளரை ணங்கென்று வைத்தாள். டம்ளர் அப்படிச் சத்தம் போட்டால்தான் பயப்பட வேண்டும்.

விண்வெளி நிலையம் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி எங்கள் வானத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்தது. அவருடைய கார் இன்னும் டோல்கேட்டைத் தாண்டவில்லை. வேறு வேலை இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனாவை நீட்டியிருக்கிறார். ஒரு பக்கம் நின்ற கன்டெய்னர் லாரி வானத்தை மறைக்க, மறுபக்கம் நின்ற லாரியிலிருந்து சிக்னல் கணீரென்று வந்திருக்கிறது. குழுவில் முழுப் படத்தையும் போட்டு எழுதினார்: 'இன்றைய களஆய்வில் நான் கண்டறிந்த அபூர்வப் பிரதிபலிப்பு.' போன வாரம் சிரித்த முகம் போட்டவர்கள் எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நான் அதைப் படித்துக்காட்டினேன். அவள் மொபைலைப் பிடுங்கி, ஒலிப்பதிவை அழுத்திக்கொண்டு பேசினாள்.

"சார், வணக்கம். திருவொத்தியூர்க்காரரு சம்சாரம் பேசறேன். நீங்க டிராபிக்குல மாட்டிகினு கண்டுபுட்சத எங்க வூட்டுக்காரு துணி காயுற மாடில போன வாரமே கண்டுபுட்சிட்டாரு. அன்னிக்கி குரூப்புல எல்லாரும் சிரிச்சாங்க, இன்னிக்கி கை தட்டுறாங்க. நடுவுல இன்னா மாறிச்சி? ஆளு மாறிச்சி. அவ்ளோதான். அந்த லாரியும் எங்க ஊரு ரோட்லதான் நிக்கிது. அடுத்த தபா வந்தா காபி குடிச்சிட்டுப் போங்க, வெசம்லாம் வெக்க மாட்டேன்."

குழுவில் வெகுநேரம் யாரோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்கள். கடைசியில் மூத்தவர் எழுதினார்: 'திருவொற்றியூர் நண்பரின் முந்தைய குறிப்பு எனக்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது.'

"தூண்டுதலாமே" என்றாள். "நீ இன்னா வெளக்குத் திரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காது சுட்டதும் போயிருந்தது. சிரித்த முகம் போட்ட ஒருவர், டேப்பை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுதினார். சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் விண்வெளி நிலையத்திலிருந்து மறுபடி படம் அனுப்பினார்கள். அன்று கடலில் வேறொரு கப்பல் நின்றது. நான் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். மொபைலில் குழுவைத் திறந்தால் ஒரு முழுப் படம், துளி இரைச்சல் இல்லை, அவள் எண்ணிலிருந்து. அவளை யார் குழுவில் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கீழே மூத்தவர் எழுதியிருந்தார்: 'மிகச் சிறப்பு அம்மா.' இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் அப்படி எழுதியதில்லை.