பிரிக்காத டப்பாவுக்குப் போட்ட கையெழுத்து

ஆம்பூரில் தோலைத் தொட்டுக் கனம் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தொட்ட மாத்திரத்தில் சொல்கிறவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஈரத் தோலைத் தலையில் சுமந்து, சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்து, பிறகுதான் தரம் பிரிக்கிற மேஜைப் பக்கம் வந்தேன். தோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவு தடவுவேன். “ஒண்ணு புள்ளி ரெண்டு” என்பேன். ஷூ கம்பெனிக்காரன் நம்பாமல் பையிலிருந்து கேஜை எடுப்பான். கேஜ் என்பது உள்ளங்கையில் அடங்குகிற கருவி, கடிகாரம் மாதிரி முகம், கீழே ஒரு வாய். அந்த வாயில் தோலைக் கொடுத்தால் முள் நகர்ந்து கனத்தை மில்லிமீட்டரில் காட்டும். முள் ஒன்று புள்ளி இரண்டில் போய் நிற்கும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த விரலால்தான் ஓட்டு வீடு மெத்தை வீடானது. மகள் நர்சிங் படித்து வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதும் அந்த விரலால்தான். தொண்ணூறுகளில் நானும் ஒரு பாயும் கூட்டாகக் குடோன் பிடித்தோம். இரண்டு பேரும் தோல் பதனிடுகிற ஒரே ஷாப்பில் கூலிக்கு இருந்தவர்கள். வாங்குவது, விற்பது, பேசுவது பாயின் வேலை. வந்த தோலைத் தொட்டுத் தரம் பிரிப்பது, நாங்கள் செலக்ஷன் என்போம், அது என் வேலை. என் விரல் இல்லையென்றால் அந்தக் குடோனில் எனக்கு நாற்காலி இல்லை. இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. லாரி வந்து நின்றதும் சலானில் ‘ரிசீவ்டு’ என்று கையெழுத்துப் போட்டு டிரைவரை அனுப்பிவிட வேண்டும். இங்கிலீஷில் நான் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற ஒரே வார்த்தை அதுதான். லாரி வந்தது, கட்டு இறங்கியது, அவ்வளவுதான் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. அப்புறம் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலாகப் பார்த்து, இரண்டு நாளோ நான்கு நாளோ கழித்து இது நல்லது, இது கழிவு என்று சொன்ன பிறகுதான் விலையே முடியும். அது முடிகிற வரை, விற்றவனுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற தரகர் எங்கள் குடோனில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரித்துப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எவனாவது லாரியை நிறுத்தி வைத்தால் அவனை மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

ஐம்பத்தைந்து வயது தாண்டியதும் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. உறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துப் பழக்கத்தில் கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். மீதியைத் தைரியத்தில் சொன்னேன்.

கண்டுபிடித்தவள் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“அப்பா, டம்ளர் சுடல?”

“இதுவா? ஆறிப்போன டீய குடுத்துட்டு சுடலையான்னு கேக்குற.”

அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டு விரலை உதறினாள். “எத்தினி நாளா இப்பிடி?”

“உங்க ஆஸ்பத்திரி பேச்ச ஆஸ்பத்திரியோட வெச்சிக்கம்மா.”

அவள் விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தாள், சர்க்கரை. மாத்திரை கொடுத்தாள். மாத்திரை இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும், போனதைத் திருப்பித் தராது என்றும் சொன்னாள். நர்சுகளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

அப்படியென்றால் எனக்கு ஒரு கேஜ் வேண்டும். ஆம்பூரில் அது கிடைக்கும். ஆனால் கடைக்காரர் அதைத் துணியில் துடைத்து என் கையில் கொடுப்பதற்குள் வாணியம்பாடி வரை செய்தி போயிருக்கும். விரலால் பேர் வாங்கியவன் கேஜ் வாங்குகிறான் என்றால் அந்த விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்களா? வேலூர் லாங் பஜாரில் விசாரிக்கலாம் என்றால் அங்கேயும் தெரிந்த தோல்காரன் எவனாவது முதுகில் தட்டி “இன்னாண்ணே இந்தப் பக்கம்?” என்பான்.

“இன்டர்நெட்ல வாங்கலாம்பா,” என்றாள் மகள். “யாருக்கும் தெரியாது. எங்க குவார்ட்டர்ஸ் அட்ரஸுக்கு வரும்.”

“மூஞ்சி தெரியாதவன்கிட்ட முன்னாடியே காச குடுக்கறதா?”

“அவன்கிட்ட போவாது. நடுவுல ஒரு கம்பெனி இருக்கு. நம்ம காச அது புடிச்சி வெச்சிக்கும். சாமான் வந்துடுச்சின்னு நாம சொன்னாதான் அவனுக்குக் குடுக்கும்.”

தரகர் மாதிரி என்று எனக்குப் பட்டது. தரகர் என்றால் எனக்குத் தெரியும். சரி என்றேன். அவள் கார்டு, அவள் பேரில் கணக்கு. படத்தில் பார்த்த கேஜ் பளபளவென்று இருந்தது. ஜெர்மனி என்று முகத்திலேயே எழுதியிருந்தது. வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒருவன் விற்றான்.

பத்து நாளில் வந்துவிட்டது என்று போன் செய்தாள். பஸ் பிடித்து வேலூர் போனேன். அட்டைப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைத் திறந்து வைத்தாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, புடவை மாற்ற உள்ளே போனாள். “பிரிங்கப்பா, பாருங்க. நல்லா இருந்தா அப்புறம் சொல்லலாம்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரையைப் பார்த்தேன். இங்கிலீஷ் பூராவும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நடுவில் எனக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தை, ஒரு கட்டத்துக்குள். எத்தனை ஆயிரம் சலானில் பார்த்த வார்த்தை. சாமான் என் மடியில் இருக்கிறது. வந்ததை வந்தது என்று சொல்லாமல் ஒருவனைக் காக்க வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மவுஸ் என்கிற அந்த எலியைப் பிடித்து அந்த இடத்தில் அமுக்கினேன். உறுதியா என்பது போல இன்னொரு கட்டம் வந்தது. அதையும் அமுக்கினேன்.

மகள் வாட்சைக் கட்டிக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

“இன்னாப்பா பண்ணீங்க?”

“வந்துடுச்சின்னு சொன்னேன். வந்துடுச்சில்ல?”

“பிரிக்கவே இல்லியேப்பா!”

“பிரிச்சிப் பாத்துச் சொல்லிக்கலாம். எங்க ஓடிடப் போறான்?”

அவள் மணியைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பெட்டியைப் பிரித்தேன். கேஜ் நன்றாகத்தான் இருந்தது. என் செருப்பு வாரைக் கொடுத்துப் பார்த்தேன், முள் போனது, வந்தது. சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் ஒரு ஷூ கம்பெனிக்கு மாட்டுத்தோல். ஒன்று புள்ளி இரண்டுக்குக் கம்மி வரக்கூடாது என்று கண்டிப்பான ஆர்டர். அடுக்கின் பின்னால் போய் நின்று, ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு தோலாகக் கேஜின் வாயில் கொடுத்தேன். முள் சொன்னதை நான் சத்தமாகச் சொன்னேன். ஆட்கள் பிரித்து அடுக்கினார்கள். ஒன்றை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை. சில தோலைத் தொட்டபோது, மரத்துப்போன அந்த விரலே எங்கேயோ ஆழத்தில் ‘மெல்லிசு, மெல்லிசு’ என்று முனகியது. முள் ஒன்று புள்ளி இரண்டு என்றது. என் விரலை நான் நம்பவில்லை. காசு கொடுத்து வாங்கிய முள்ளை நம்பினேன்.

கம்பெனி ஆள் வந்தான். சின்ன வயசு, இஸ்திரி போட்ட சட்டை. அவன் கேஜை அவன் எடுத்தான். முதல் தோல், ஒன்று. இரண்டாவது, ஒன்று. மூன்றாவதை இரண்டு தரம் வைத்துப் பார்த்தான்.

“இன்னா பெரியவரே, ஒண்ணுதான் காட்டுது. நீங்களா பாத்தீங்க?”

ஆட்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். பாய்தான் முன்னால் வந்தார்.

“இது என் தப்பு சார். வேற அடுக்கு கலந்துடுச்சி. இவர் பாத்தது அதோ அந்தப் பக்கம் இருக்கு. ரெண்டு நாள் டைம் குடுங்க, நானே சரியானத எடுத்து வெக்கறேன்.”

பச்சைப் பொய். அந்தப் பக்கம் இருந்தது ஆட்டுத்தோல். கம்பெனி ஆள் அதைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், போய்விட்டான்.

நான் வெளியே வந்து மகளிடம் நம்பர் வாங்கி அந்த நடுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். நான் கொதித்துக்கொண்டு நிற்கிறேன், என் காதில் பாட்டு. பிறகு ஒரு பெண் தமிழில் வந்தாள்.

“வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?”

“நீ அனுப்புன கேஜ் பொய் சொல்லுதும்மா.”

“சார், நாங்க பொருள் விக்கறது இல்ல. பேமென்ட் மட்டும்தான். நீங்க ரிசீவ்டு கன்ஃபர்ம் பண்ணிட்டீங்க. பணம் விற்பனையாளருக்குப் போயிடுச்சி.”

“வந்ததுக்குத்தாம்மா ரிசீவ்டு போட்டேன். நல்லா இருக்குன்னா போட்டேன்? இன்னும் செலக்ஷனே முடியல!”

“புரியல சார்.”

“தரகு பாக்கறவங்க செலக்ஷன் முடியற வரைக்கும் உக்காந்திருக்கணும். கட்டு இறங்குனதும் காச தூக்கிக் குடுத்துட்டுப் போயிட்டா அது தரகா?”

“சார், அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கா?”

“என் பொண்ணு பேர்ல.”

“அப்ப அவங்கதான் பேசணும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேறு உதவி! நாற்பது வருஷம் தோல் வியாபாரத்தில் என்னை ஏமாற்ற வந்தவர்கள் எல்லாம் என் முன்னால் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்று ஜெயித்தேன். இங்கே சட்டையைப் பிடிக்க ஒரு சட்டை இல்லை. விற்றவனுக்கு முகம் இல்லை. நடுவில் நின்றவனுக்குப் பொறுப்பு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைக் கட்டம் கட்டி என் முன்னால் வைத்து, என் கையாலேயே என்னை முடித்துவிட்டார்கள். மகள் பிறகு இரண்டு கடிதம் எழுதினாள். அதற்கும் ‘முடிந்துவிட்டது’ என்றே பதில் வந்தது. “நான் உங்களத் தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுப்பா” என்றாள். அதுவும் எனக்கு ஆத்திரம்தான். நான் என்ன தொட்டில் பிள்ளையா?

போனை வைத்துவிட்டுக் குடோனுக்குள் போனேன். பாய் தனியாக உட்கார்ந்து அந்தத் தோல்களைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு கேஜ். பழையது, பித்தளை வெளுத்துப்போனது.

“இது எப்பலேர்ந்து உங்கிட்ட இருக்கு பாய்?”

“ஒரு வருஷமா இருக்கு தோஸ்து.”

“எதுக்கு?”

அவர் நிமிரவில்லை. “நீ சாப்பிடப் போற நேரத்துல ஒரு தரம் பாத்து வெச்சிடுவேன். போன வாரம் கல்யாணத்துக்குப் போயிட்டேன், பாக்கல.”

ஒரு வருஷம். நான் தைரியத்தில் சொன்ன கனத்தையெல்லாம் இந்த மனிதர் பின்னாலேயே வந்து திருத்தியிருக்கிறார். என் விரல் இன்னும் சரியாகத்தான் சொல்கிறது என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“ஏன்யா சொல்லல?” என்று கத்தினேன்.

“சொன்னா நீ கேட்டுக்குவியா? ரெண்டு மாசம் மூஞ்சியத் திருப்பிக்குவ. எனக்கு எதுக்கு அந்த பேஜாரு?”

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து மீதித் தோலை எடுத்தேன். நான் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தேன், அவர் கேஜைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில், ஆம்பூர்க் கடைத்தெருவில், எந்தக் கடைக்குப் போகப் பயந்தேனோ அதே கடைக்குப் போனேன். கேஜ் கேட்டேன். கனம் தெரிந்த ஏழு தோல்துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். ஏழையும் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் பில்லை நீட்டிக்கொண்டே நின்றார். அவர் கை வலிக்கட்டும் என்று விட்டேன். ஏழும் சரியாக வந்த பிறகுதான் வாங்கினேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஆள் திரும்ப வந்தான். எல்லார் முன்னாலும் பையிலிருந்து கேஜை எடுத்தேன். யார் சிரிக்கிறான் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவனும் ஆச்சரியப்படக்கூட இல்லை. ஆட்கள் அடுக்குவதை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆள் “ம், சொல்லுங்க பெரியவரே” என்று பேனாவைத் திறந்தான்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்குப் பயந்தா நான் வேலூருக்கு பஸ் பிடித்தேன்? இவர்களுக்கு ஒளித்தா முகம் தெரியாதவனிடம் போய் மாட்டினேன்? அந்த ஆத்திரத்தில் முதல் தோலைக் கேஜின் வாயில் கொடுத்துவிட்டு, முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால், வேண்டுமென்றே விரலால் ஒரு தடவு தடவினேன்.

“ஒண்ணு புள்ளி ரெண்டு,” என்றேன்.

முள்ளும் அதையே சொன்னது.