வாழைப்பழம் தின்ற துப்பாக்கி

எங்கள் வீட்டுக்குத் திருடன் வந்திருந்தால் அவனை உட்காரவைத்து, ஒரு சொம்பு மோர் கொடுத்து, சற்றுப் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒற்றைக்குழல் துப்பாக்கி கூடத்து பீரோவில் இருந்தது. அதன் சாவி மாமாவிடம். தோட்டாக்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில். அந்தப் பெட்டியின் சாவி அம்மாவின் இடுப்பில். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம்.

“ரெண்டையும் நீ ஒண்ணு சேக்கறதுக்குள்ள திருடன் ஆந்திராவுக்குப் போய் பொண்ணு கட்டி புள்ள பெத்துருவான் மச்சான்,” என்பார் அப்பா. ஊத்துக்கோட்டையிலிருந்து ஆந்திரா கூப்பிடு தூரம்தான். ஆகவே அதில் மிகை அதிகமில்லை.

மாமா என்பது அம்மாவின் தம்பி. ராணுவத்திலிருந்து விடுபட்டு வந்தவர், ஒரு மீசையும் ஏராளமான நடைமுறைகளும் கொண்டுவந்திருந்தார். வந்த மாதமே அடுப்படியில் ஒரு வாளி மணல் வைத்தார், தீப்பிடித்தால் கொட்டுவதற்கு. எங்கள் பூனை அதை வேறோர் அவசரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணியாறு பெருகினால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு துணிப்பை தயாராகத் தொங்கியது. ரேஷன் கார்டு, மெழுகு பூசிய தீப்பெட்டி, அவல், வெல்லம் எல்லாம் அதில் இருக்கும். வெல்லம் மட்டும் அவ்வப்போது பாயசத்தில் கரைந்துவிடும். மாமா வாரந்தோறும் பையைச் சோதித்து, வாய் பேசாமல் மறுபடி வெல்லம் வாங்கி வைப்பார்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் வாய் பேசுவார். அது கைமாறும்போதெல்லாம் மடித்துத் திறக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்று பார்க்க வேண்டும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுமுனையில் முழு நிலவுபோல ஒரு வட்டம் தெரிய வேண்டும். நேற்றுப் பார்த்தேன், காலையில் பார்த்தேன் என்பதெல்லாம் செல்லாது. பக்கத்து வீட்டார் இதைக் கிரகணம் பார்ப்பது என்று கேலி செய்வார்கள். பிற்காலத்தில் நான் அரசு அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவள். விதிகளை ஒப்பிப்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோதும் கிரகணம் பார்த்தவர் மாமா ஒருவர்தான்.

துப்பாக்கி அவர் ஆசைக்கு வாங்கியதல்ல. எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. உரிமத்தோடு சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் படைவீரர் என்றால் காவல் வேலை கிடைக்கும் என்று பேச்சு. அந்த வேலையை நம்பி இன்னொரு காரியமும் காத்திருந்தது. எங்களோடு இருந்த அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, மாமாவுக்குக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு மாமாவைப் பிடிக்கும். ஆனாலும் வேலை கிடைத்த பிறகுதான் தாம்பூலம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கார்த்திகைக்குள் முடியாவிட்டால் நாகலாபுரத்திலிருந்து வந்த வேறொரு வரனுக்குச் சம்மதம் சொல்வதாகவும் இருந்தார். எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான்: மாமாவுக்கு வேலை கிடைத்தால் எனக்குப் பட்டுப்பாவாடை.

ஓர் இரும்பாலையிலிருந்து அழைப்பு வந்தது. விஜயதசமி நல்ல நாள், அன்று காலை துப்பாக்கியோடு வந்து சுட்டுக் காட்டவும் என்றார்கள்.

முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அரிவாள்மணை, மண்வெட்டி, அப்பாவின் சைக்கிள், அத்தையின் தையல் மிஷின் ஆகியவற்றுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அந்த வருஷம் துப்பாக்கியும் சேர்ந்தது. மாமா அதைத் திறந்து பார்த்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, பொரி வாங்கக் கடைக்குப் போனார். பொட்டு வைக்கும் பொறுப்பு அத்தையுடையது.

எல்லாவற்றுக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பார்த்தால் துப்பாக்கிக்குச் செருக இடமில்லை. பத்தி குத்தும் வாழைப்பழம் சைக்கிளுக்குப் போய்விட்டது. மறுநாள் யாருக்குச் சாமி துணை நிற்க வேண்டுமோ, அவருடைய ஆயுதத்துக்குப் பத்தி இல்லாமல் விடுவதா? அத்தை ஒரு சின்னப் பூவன் பழத்தை உரித்து, பாதியைக் கிள்ளி, குழலின் வாய்க்குள் பதமாக அழுத்தி, அதில் மூன்று பத்தி செருகினாள். துப்பாக்கியே ஊதுபத்தித் தட்டு ஆனது. புகை அழகாகச் சுருண்டது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகத் தெரிந்தது.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. விடிந்து மறுபூஜை முடிந்ததும் அத்தை பத்திக் குச்சிகளை உருவி, குழலின் வாயை முந்தானையால் பளபளவென்று துடைத்துவிட்டாள். உள்ளே பழம் இருந்தது அவள் நினைவில் இல்லை. கான்வாஸ் உறையில் போட்டு அவளே மாமாவிடம் நீட்டினாள். தலையில் பூவும் கையில் ஈரமுமாக நின்றாள். மாமா வாங்கிக்கொண்டார். உறையைப் பிரிக்கவில்லை, மடித்துத் திறக்கவில்லை, கிரகணம் பார்க்கவில்லை. பார்வை வேறெங்கோ இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னையும் உடன் அனுப்பினார்கள். துப்பாக்கியோடு பஸ் ஏறும் ஆளைப் பார்த்துக் கண்டக்டர் மிரளுவார். இரட்டைப் பின்னல் போட்ட பெண்குழந்தை கூட இருந்தால் நல்ல குடும்பத்துக்காரர் என்று தெரியும். சத்தியவேடு வழியாகப் போனால் சீக்கிரம். ஆனால் சத்தியவேடு ஆந்திரா. மாமாவின் உரிமமோ தமிழ்நாட்டுக்குள் மட்டும். “பஸ்ஸு ஆந்திராவுக்குள்ள பூந்து வந்தா துப்பாக்கிக்கு இன்னா தெரியப்போவுது?” என்று அப்பா கேட்டதற்கு, “எனக்குத் தெரியும்ல மச்சான்,” என்று சொல்லிவிட்டு, பெரியபாளையம் போய், பஸ் மாறி, கவரைப்பேட்டையில் மறுபடி மாறி, சுற்றிக்கொண்டு போனோம்.

ஆலையின் பின்புறம் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மண்மேடு. மேனேஜர், தலைமைக் காவலாளி, வேலைக்கு விடுமுறையானதால் வேடிக்கைக்கு வந்த சிலர். மேட்டில் ஒரு பெயின்ட் டப்பாவை வைத்தார்கள். மாமா உறையைப் பிரித்தார், துப்பாக்கியை மடித்தார், வானத்துக்கு நேரே பிடித்தார். பிடித்தபடியே நின்றார். நிலவு உதிக்கவில்லை.

பின்பக்கம் வழியாகச் சவுக்குக் குச்சியை விட்டு மெல்லத் தள்ளிப் பார்த்தார். மறுமுனையில் கறுத்த பழத்தின் நுனி எட்டிப் பார்த்தது. முதலில் சிரித்தவர் தலைமைக் காவலாளி. “யார்பா அது, துப்பாக்கிக்கு நாஷ்டா ஊட்டினது?”

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் அழுந்தியது. “நான்தான் சார். பூஜை அவசரம்.”

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தினமும் சொல்லும் மாமா. நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மேனேஜருக்கு வீட்டில் விருந்து காத்திருந்தது. “வாழப்பழம்தானே? அப்டியே ஒண்ணு போடு. சூடுபட்டா அதுவே பிச்சுக்கினு போயிடும்.”

“குழாய் பிச்சுக்கும் சார்.”

“இப்டியே நின்னுக்கினு இருந்தா வேற ஆள் வந்துடுவான்பா.”

“வரட்டும் சார். நான் இதைத் தொடைக்காம சுட மாட்டேன்.”

என் பட்டுப்பாவாடை சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பறந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். யாரோ ஓர் இரும்புக் கம்பியை நீட்டினார்கள். குழலில் கீறல் விழும் என்று அதையும் வேண்டாம் என்றார். சட்டைப்பையிலிருந்து புத்தம்புதிய கைக்குட்டையை எடுத்துச் சவுக்குக் குச்சியில் சுற்றினார். அத்தை ஓரம் தைத்துக் கொடுத்தது அது. பழம் வெளியே வந்து விழ, ஒரு காக்கை உரிமையோடு எடுத்துப் போனது. மாமா மறுபடி மறுபடி துடைத்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு தலைமைக் காவலாளியையும் பார்க்கச் சொன்னார். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் என்னைப் பின்னால் தள்ளி நிறுத்தி, காதைப் பொத்தச் சொல்லிவிட்டு, தோட்டா போட்டுச் சுட்டார். டப்பா எகிறியது.

மேனேஜர் தலைமைக் காவலாளியைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். அவர் சிரிப்பை நிறுத்தி ஏதோ சொன்னார். என்ன பேசினார்கள் என்பது காதைப் பொத்தியிருந்த எனக்குத் தெரியாது. திரும்பி வந்த மேனேஜர், திங்கள்கிழமையிலிருந்து வந்துவிடும்படி சொன்னார். “சாமி கும்புடறதுக்கு வேற எடம் பாத்துக்கோ,” என்று சேர்த்துக்கொண்டார்.

கவரைப்பேட்டையில் மாமா எனக்குப் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். பழத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றார், முக்கியமாக அப்பாவிடம். சரி என்றேன். பொய் சொன்னதற்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் சர்க்கரை வழங்கப்பட்டது. அப்பா அடுத்த நிமிஷமே தாம்பூலத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிட்டார். அம்மா வெள்ளத்துக்கென்று தொங்கிய பையிலிருந்து வெல்லத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். கிணற்றடியில் அத்தை மட்டும் இருந்தாள்; நான் மாமாவின் பின்னாலேயே போனேன். மாமா அந்தக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“இன்னாது இவ்ளோ கறை?”

“வாழப்பழம்.”

அத்தை கைக்குட்டையைப் பார்த்தாள். துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ. சுட்டிருந்தா?”

“சுடலையே.” “தப்பு என்னுது. வாங்கும்போது நான் பாக்கல. இனிமே நீயே குடுத்தாலும் தெறந்து பாத்துட்டுத்தான் வாங்குவேன்.”

“எத்தினி நாளைக்கு?”

“நீ குடுக்கற வரைக்கும்.”

அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் செய்தாள். வேலை கிடைத்த நாளில்கூட மாமா அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் பேசுகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம். அதைவிடக் கோபம் அத்தைமேல்: அவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கைக்குட்டையைக் கறை போகத் துவைக்காமல், தையல் மிஷின் அறைக்குள் எடுத்துப் போய் மடித்து வைத்துக்கொண்டாள். சோம்பேறித்தனம் என்று முடிவு செய்தேன்.