ஐந்து கிலோமீட்டர் தேர்வும் அரை கிலோமீட்டர் கரிசலும்

இந்தப் பயணம் போன நவம்பரில் நடந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்க் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நகரத்து ஆசிரியர்களுக்கும் இளைஞர் மன்றத் தலைவர்களுக்கும் பத்து நாள் பயிற்சி உண்டு. அதற்கு ஓர் அறக்கட்டளை முழு உதவித்தொகை தருகிறது. நான் சென்னையில் சமூக அறிவியல் வாத்தியார். என் எட்டாம் வகுப்பை ஒரே ஒருநாள் வெளியே கூட்டிப்போக மூன்று வருடமாகத் தலைமையாசிரியையிடம் கெஞ்சுகிறேன். "பயிற்சிச் சான்றிதழ் இருக்கா? இல்லன்னா கேட்டைத் தாண்டாதீங்க" என்பதுதான் எப்போதும் பதில். பயிற்சிக் கட்டணமோ என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே உதவித்தொகை கிடைத்தே ஆக வேண்டும்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்த எங்கள் ஆறு பேருக்குக் களத்தேர்வு கோவில்பட்டிப் பக்கம். ஆளுக்கொரு நாள் தலைமை. மற்ற ஐவரும் மாணவர்களாக நடிக்க வேண்டும். தேர்வாளர் அம்மா ஒருவர் வாயே திறக்காமல் பின்னால் வந்து குறிப்பெடுப்பார். முதல் நாள் என் தலையில் விழுந்தது. பசுவந்தனை அருகே வண்டிப்பாதையில் ஐந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்குள், எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினேன், ஸ்லீப்பர் 385 ரூபாய். கோவில்பட்டியில் இறங்கியபோது காலை 5.20. நான்கு இட்லி, ஒரு வடை, காப்பி, 75 ரூபாய். சட்னியில் காரம் கொஞ்சம் கூடுதல், வயிறு பத்திரம். அங்கிருந்து 22 கிலோமீட்டருக்கு வேன் 1,400. தேர்வாளரையும் சேர்த்து ஆளுக்கு 200.

இறங்கும்போது ஓட்டுநர் என் காலைப் பார்த்தார். 3,200 ரூபாய்க்கு வாங்கிய புதுச் சூ.

"ராத்திரி நல்ல மழை சார். வண்டிப்பாதையிலயா போறிய?"

"ஆமா அண்ணாச்சி. பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் வந்திடுங்க."

"இல்ல சார். நான் இங்கனயே நிக்கேன்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டு 8.10க்குப் புறப்பட்டேன்.

புறப்படுவதே பெரும்பாடாகிவிட்டது. எங்களில் நான்கு பேர் வாத்தியார்கள். நான் "வரிசையில் நில்லுங்கள்" என்றதும் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் மற்றவர்களை வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். மாணவராக இருக்க ஒருவருக்கும் மனசில்லை. மதுரை விமலா டீச்சர் தானாகவே வருகைப்பதிவு எடுத்தார். ஒரு தலை அதிகம் வந்தது. தேர்வாளரையும் எண்ணிவிட்டிருந்தார்.

இப்போது மண்ணுக்கு வருவோம். "கரிசல் மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும்." இதைப் பதினேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இரண்டு மதிப்பெண் வினா. சாய்ஸில்கூட விட மாட்டேன். அப்படிப்பட்டவன் மழைக்கு மறுநாள் அடியில் ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட சூவோடு அதில் இறங்கினேன். நூறு மீட்டரில் காலுக்கு இரண்டு கிலோ. குச்சியால் சுரண்டினால் பத்தடியில் மறுபடியும் அதே எடை. எல்லோரும் அரையடி வளர்ந்திருந்தோம்.

பக்கத்து உளுந்துக் காட்டில் ஒரு பெண் வெறுங்காலோடு நின்று, தேங்கிய தண்ணீரை மம்பட்டியால் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ சார்வாள், எங்கன போறிய?"

"பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றதுக்குப் பழகுறோம்மா."

"பிள்ளையளையா? மழை பேஞ்சா நாங்க மாட்டையே இதுல எறக்க மாட்டோம். சூவைக் கழத்திட்டு நடங்க. ஓரமாப் போவாதிய, வேலிக்கருவ முள்ளு கெடக்கு."

விதிமுறைத் தாளில் 'காலணி கட்டாயம்' என்று இருந்தது. அதற்குள் வியாசர்பாடி இளைஞர் மன்றத்து சுரேஷ் சூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியாகிவிட்டது. மற்றவர்களும் குனிந்தார்கள். விமலா டீச்சர் மட்டும் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சுகர், சார். கால்ல முள்ளு குத்துனா ஆறாது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, நான் சூவோடயே சமாளிச்சு வந்துருவேன்." (அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

மணி 9.25. கடந்தது 500 மீட்டர். டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"திரும்புறோம்" என்றேன்.

"சார், உங்க ஸ்காலர்ஷிப் போயிடும்!" என்றான் சுரேஷ்.

"போகட்டும்." வீராப்பாகச் சொன்னேனே தவிர அழுகை முட்டியது. தேர்வாளரிடம் திரும்பி, "மேடம், ஃபெயில்னு எழுதிக்குங்க" என்றேன்.

அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் இது: "எழுதுறேன் சார். முதல்ல என் காலைப் பிடுங்கி விடுங்க."

கால் வந்தது, சூ வரவில்லை. அந்தப் பெண்தான் வந்து மம்பட்டியால் தோண்டி எடுத்துக் கொடுத்தார். "கெழங்கு தோண்டுத மாதிரில்லா இருக்கு" என்று அவர் சிரித்ததில் தேர்வாளரும் சேர்ந்துகொண்டார்.

வேனில் ஓட்டுநர் தரையில் சாக்கு விரித்து, ஒரு வாளித் தண்ணீரோடு தயாராக இருந்தார். "ஒம்பதுக்கே வந்துருவியன்னு பாத்தேன் சார், லேட்டாயிட்டே" என்றார்.

விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கரிசலுக்குப் போவதானால் மண் இறுகிய தை, மாசியில் போங்கள். மழை பெய்தால் நான்கு நாள் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். யாருக்கு என்ன உடம்புக்கு என்று முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். தேர்வுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் நான் பாம்பு பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன், இதைக் கேட்கத் தவறிவிட்டேன். ஓட்டுநர் 'இங்கனயே நிக்கேன்' என்றால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து உதவித்தொகை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நம்ப முடியாமல் நான்கு தடவை படித்தேன். பயிற்சி முடித்துச் சான்றிதழோடு, அந்தக் கடிதத்தில் இணைத்திருந்த தேர்வாளரின் குறிப்பையும் தலைமையாசிரியையிடம் நீட்டினேன். சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டுக் குறிப்பைத்தான் படித்தார்.

"அஞ்சு கிலோமீட்டர் போகச் சொன்னா அரை கிலோமீட்டர்ல திரும்பிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன்னு எங்கிட்ட எத்தனையோ பேர் வந்திருக்காங்க சார். எப்பத் திரும்பணும்னு தெரிஞ்ச ஆளு யாரும் வந்ததில்ல."

முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கான அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்தில் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னார்.