நங்கூர வின்ச்சுக்கு நான் அடித்த பச்சை பெயிண்ட்

இன்று காலை எங்கள் வீட்டு கேட் திறக்கவில்லை. நேற்று வந்த பெயிண்டர் கீல், தாழ்ப்பாள், பூட்டின் சாவித் துவாரம் எதையும் விட்டுவைக்காமல் பச்சை பூசியிருக்கிறார். போனில் கத்தினேன். “பளபளன்னு இருக்குதா இல்லியா, அத்த சொல்லு சார்” என்கிறார். இருக்கிறது. நான் உள்ளே இருக்கிறேன், பால்காரர் வெளியே இருக்கிறார்.

பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் பாதியில் நின்றது. இந்தப் பாவத்தில் நான் அவரைவிடப் பெரிய ஆள்.

எங்கள் ஊர் செஞ்சியில் மலை உண்டு, கோட்டை உண்டு, கடல்தான் இல்லை. அப்படியும் இருபத்திரண்டு வயதில் ஒரு சரக்குக் கப்பலில் தளத்து வேலைக்குப் போனேன். சேர்த்துவிட்டவன் வல்லத்து ஏழுமலை. அதே கப்பலில் எனக்கு ஒரு வருஷம் சீனியர். அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு அவன் செய்த அலட்டல் தனிக்கதை, விடுங்கள்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், துரு கண்ணில் படாமல் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவது எங்கள் வழக்கம். நங்கூரச் சங்கிலியை இழுக்கும் வின்ச் என் பங்குக்கு வந்தது. கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்தேன். கிரீஸ் ஏற்றும் நிப்பிள்களுக்குக்கூட இரண்டு கோட்டிங். வாராவாரம் அவற்றில் கிரீஸ் அடிப்பதும் என் வேலைதான். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல் என் சட்டைக்கே திரும்பி வந்தது. வயிறு நிறைந்துவிட்டது போல என்று முடிவுகட்டி, பராமரிப்பு நோட்டில் டிக் அடித்தேன். ஆறு வாரம், ஆறு டிக். என்னை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் மிதந்ததே பெரிய விஷயம்.

ஏழாவது வாரம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். வின்ச்சின் பிரேக் சக்கரத்தில் ஏழுமலை. முனகிக்கொண்டே திறந்த பிரேக், மூடும்போது நடுவில் இறுகி நின்றுவிட்டது. சங்கிலி துருத் தூளைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறது. கடைசிக் கண்ணிவரை ஓடிப் பிய்த்துக்கொண்டால், முதலில் அடிபடுகிறவன் சக்கரத்தருகே நிற்பவன்தான்.

“உட்டுட்டு ஓடி வந்துடுடா!” என்று அலறினேன்.

“எங்கடா ஓட்றது? வந்து புடிடா பேமானி!”

இருவரும் தொங்கினோம். சக்கரம் சடாரென்று சுற்றியது, சங்கிலி நின்றது. ஏழுமலையின் வலது தோள் அதோடு போயிற்று.

வலியோடு குனிந்து நிப்பிளை நகத்தால் சுரண்டினான். பச்சை உரிந்து வந்தது. “இன்னாடா இது? ஆறு வாரமா கிரீஸ் அடிச்சேன்னு டிக் போட்டியே, யாருக்குடா அடிச்ச?” கேப்டன் ஓடி வந்தபோது மட்டும், “பிரேக் பழசு சார்” என்றான்.

தூக்க முடியாத கையோடு அவனுக்கு அப்புறம் கப்பலே கிடைக்கவில்லை. வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிறான். எனக்குக் கடலில் இன்னும் பதினோரு வருஷம் கிடைத்தது.

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். அந்தக் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்களாம் என்று சொன்னேன்.

“அப்போ அந்த நோட்டும் போயிருக்கும். தப்பிச்சடா, இனிமே உனுக்கு எதிரா ஒரு சாட்சியும் இல்ல” என்று சிரித்தான்.

வல்லம் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான்.