பேனாவை வாங்கி வைத்துக்கொண்ட எழுத்து மையம்

பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக எழுத்து மையத்தில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுபவர்களுக்கு உதவத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து கிளம்பினேன்.

காலை 7.10 கொமுட்டர் ரயில். மூத்தோர் சலுகையில் இரண்டு ரிங்கிட் அறுபது சென். கேஎல் சென்ட்ரலுக்கு ஒன்றேகால் மணி நேரம். பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கும் தே தாரிக் என்ற நுரைத் தேநீருக்கும் ஏழு ரிங்கிட். (சட்னியில் உப்பு தூக்கல்.) பிறகு கிராப் வாடகைக் காரில் பதினாறு ரிங்கிட்.

மையத்தை நடத்தும் தேவி முதலில் என் சட்டைப்பையைத்தான் பார்த்தார். "சார், பேனாவ இங்க குடுத்துருங்க லா. யார் பேப்பர்லயும் நாம எழுதக்கூடாது. அவங்க சத்தமா வாசிப்பாங்க, நாம கேள்வி மட்டும்தான் கேக்கணும்."

"தப்பு இருந்தா?"

"கையக் கட்டிக்குங்க சார்."

முதலில் வந்தவர் சாந்தி. சுங்கை வேயில் இருக்கும் மருத்துவமனைத் தாதி. வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கிறார். அவருடைய ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தில் அரைப்பக்கத்தை வட்டமிட்டு, இது உங்கள் எழுத்தல்ல என்று மேற்பார்வையாளர் திருப்பியிருந்தார். மாலை ஐந்துக்குள் விளக்கம் தராவிட்டால் விசாரணை.

சாந்தி வாசித்தார். மற்ற பக்கங்கள் வழவழவென்று ஓடின, குரலில்தான் உயிரில்லை. வட்டமிட்ட இடம் வந்ததும் தாளைப் பார்க்காமலே சொன்னார்: வலியில் துடிக்கும் நோயாளி ஏன் தாதியைக் கூப்பிடத் தயங்குகிறார் என்று. ஆங்கிலம் அங்கங்கே இடறியது.

"அக்கா, இதுல எது நீங்க எழுதுனது?" என்றார் தேவி.

"வட்டம் போட்டது மட்டும்தான். மத்ததெல்லாம் ஏஐ மாத்திக் குடுத்தது. என் இங்கிலீஷ் அசிங்கமா இருக்கும்லா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தமாக எழுதியது மட்டுமே திருட்டாகத் தெரிந்திருக்கிறது! காலையில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் பிளாஸ்டிக் மாலைகளுக்கு நடுவே தொங்கிய ஒரே நிஜப் பூமாலைதான் என் கண்ணுக்கும் மட்டமாகப் பட்டது.

"அப்ப அந்த அரைப்பக்கத்த எடுத்துரவா?" என்றார் சாந்தி.

"மத்தத எடுத்தா?"

"அந்த அரைப்பக்கத்தத் தவிர ஒன்னுமே மிஞ்சாது தேவி!"

சாந்தி தன் மடிக்கணினியைத் திறந்தார். பிறகு எங்கள் கண்முன்னே மற்ற பக்கங்களை அழித்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதி, மிஞ்சிய அரைப்பக்கத்தையும் இணைத்து, ஐந்து மணிக்கு முன் மேற்பார்வையாளருக்கு அனுப்பினார்.

மறுவாரம் தெரிந்தது: விசாரணை இல்லை, ஆனால் அத்தியாயம் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். செவ்வாய்தோறும் வருகிறார்.

போக நினைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு: அறையில் குளிர் அதிகம், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. பேனா வேண்டாம். சாந்தி ஒவ்வொரு வரியாக வாசிக்கும்போது, என் கை இன்னமும் காலிச் சட்டைப்பையைத் தடவுகிறது.